கோமதிக்கு பிரெஞ்சு தெரியாது

இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பீச் ரோட்டில், ஒரு பிரெஞ்சுக் குழந்தை ஓடி வந்து ஒரு கல்யாணப் பேச்சைக் கெடுத்துவிட்டது.

குழந்தைக்கு எட்டு வயசு இருக்கும். தலையில் தொப்பி, க்ரீம் பூசி வெளுத்த மூக்கு, கையில் பாதி தின்ற சுட்ட சோளம். பாவம், தான் என்ன செய்தோம் என்று அதற்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் கூடாது. அது தமிழ் படிக்காது என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்துக்கொண்டே பால் ஊற்றினால் பாலை உற்றுப் பார்ப்பேன். 'கடையைக் காலி செய்கிறோம், எல்லாம் பாதி விலை' என்று போர்டு வைத்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் தானாகவே பாத்திரம் கழுவி வைத்தார். 'என்ன விஷயம், சொல்லிடுங்க' என்று இரண்டு நாள் விசாரணை நடத்தினேன். அவர் அதற்கப்புறம் பாத்திரத்தைத் தொடுவதே இல்லை.

அப்படிப்பட்ட என்னிடம், ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க ஆள் வந்தால் எப்படி இருக்கும்?

பெண், எங்கள் எதிர்வீட்டு கோமதி. நாங்கள் இருப்பது முதலியார்பேட்டை. கோமதியின் அப்பா ஏழுமலை மில்லில் இருந்தவர். மில்லை மூடின பிறகு ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். அம்மா விஜயா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். பெண் ஸ்கூலில் பிரெஞ்சு எடுத்தாள், காலேஜில் இங்கிலீஷ் எடுத்தாள், இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் திடீரென்று பிரான்சுக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷத்துக்கு 'லாங்வேஜ் அசிஸ்டென்ட்' உத்தியோகம். அதாவது, கிளாஸ் டீச்சர் கூடவே இருந்து பிள்ளைகளை இங்கிலீஷில் பேச வைப்பது.

எங்கள் தெரு நம்புமா?

"பிரெஞ்சுக்காரனுக்கு இங்கிலீஷ் கத்துத்தர முதலியார்பேட்டையிலேர்ந்து ஆள் எடுக்கறானாம்... யாரு காதுல பூ சுத்தறாங்க?" என்றது இஸ்திரி வண்டி. ஏதோ வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்றது மாவு மெஷின். "இங்கிலீஷ் வேணும்னா பக்கத்துலயே இங்கிலாந்து இருக்குது, அங்கேர்ந்து எடுத்துக்க மாட்டானா?" என்று ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அம்மாள் விஜயாவிடமே கேட்டுவிட்டார். வாயில் ஊசியை வைத்துக்கொண்டிருந்ததால் விஜயா பதில் சொல்லவில்லை.

நியாயமான கேள்விதானே? நானும் கேட்டேன். மனசுக்குள்.

வருஷம் முடிந்து கோமதி திரும்பி வந்தாள். வந்தவள் ஏதாவது வாயைத் திறந்து சொன்னாளா? கொஞ்சம் போட்டோ காட்டினாள். பனி. பனியில் ஒரு பள்ளிக்கூடம். பனியில் கம்பளிக் குல்லாயோடு கோமதி. 'ஊர் எப்படி' என்றால் 'நல்லாருந்துச்சு ஆன்ட்டி'. 'வேலை எப்படி' என்றால் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். இதற்கு நடுவில் தினமும் பிரவுசிங் சென்டருக்கு வேறு போய்வந்தாள். அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தகவல். எனக்கு என்ன தோன்றியிருக்கும்? உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. கோமதிக்கு பிரெஞ்சு தெரியும். என் நாத்தனார் மகன் ஒரு பிரெஞ்சுப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறான். அவள் ஒருநாள் போன் பண்ணினாள். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. வாசலில் போன கோமதியைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்தேன். அரைமணி நேரம் கடகடவென்று பேசித் தீர்த்தாள். நடுநடுவே சிரிப்பு. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று சந்தேகப்பட்டது தனிக்கதை.

சரி, விசாரணைக்கு வருகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் கலெக்டர் மாப்பிள்ளைக்கும் ஒரு படி மேல். அப்படி ஒரு இடம் எங்கள் ஊரிலேயே உப்பளம் என்கிற பகுதியிலிருந்து கோமதிக்கு வந்தது. பையனுக்கு பாரீஸ் பக்கம் வேலை. லீவில் வந்திருக்கிறான், போவதற்குள் பெண் பார்த்து முடிக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் பையனின் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் தெருவைப் பார்ப்பதுதானே நம் வழக்கம்? பெரியப்பா ஒரு காலை வேளையில் என் வீட்டு கேட்டைத் தட்டினார். தேய்த்த சட்டை, முறுக்கிய மீசை.

"பொன்ழூர் மதாம். இங்க வீடு ஏதாவது வாடகைக்கு வருதா?"

வாடகைக்கு வீடு தேடுகிறவர் எதிர்வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டு கேட்பாரா? எனக்குப் புரிந்துவிட்டது. காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

"எதிர்வீட்டுப் பொண்ணு பிரான்ஸ்ல இருந்துச்சாமே. என்னா பண்ணிச்சு?"

"ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லித் தந்தாங்க."

"பிரான்ஸ்ல? இங்கிலீஷு?" கண்ணைச் சுருக்கினார். "நானும் அந்த நாட்டுல ரொம்ப காலம் இருந்தவன் மதாம். நம்ம ஊர்லேர்ந்து போயி அங்க இங்கிலீஷ் சொல்லித் தந்தவங்க ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல."

எனக்கு அவரைப் பிடித்துப் போனது. நம்ம ஜாதி! சந்தேக ஜாதி!

"சரி, பிரெஞ்சாவது பேசுமா? பையனோட போய்க் குடித்தனம் பண்ணணுமே."

"பிரெஞ்சுதானே? தண்ணி பட்ட பாடுங்க," என்றேன். யாருக்கும் ஜாமீன் நிற்காதவள், அன்று நின்றேன்.

கோமதிக்கு இதில் இஷ்டமா? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னாள்.

"அங்க திரும்பப் போவணும் ஆன்ட்டி. டீச்சர் ட்ரெய்னிங் படிக்கணும். அசிஸ்டென்டா இல்ல, நிஜ டீச்சரா. நாமளா போவணும்னா எங்கப்பாவால முடியுமா? மாப்பிள்ளைகிட்ட போன்ல கேட்டேன், படின்னுட்டாரு. நல்லாத்தான் பேசுறாரு."

ஆக, அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். அவள் ஆசைப்பட்ட படிப்புக்கு வேறு வழியும் தெரியவில்லை.

முறைப்படி பெண் பார்ப்பதற்கு முன் 'தற்செயலாக' ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார் பெரியப்பா. இந்தத் தற்செயல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஞாயிறு சாயங்காலம், காந்தி சிலை அருகில், இரண்டு குடும்பங்களும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தற்செயலாக வந்து நின்றோம். "அட, நீங்களா!" என்று ஆச்சரியப்பட்டோம். சுண்டல் வாங்கினோம். மாப்பிள்ளைப் பையன் கடலைப் பார்த்தான். ஏழுமலை தன் செருப்பைப் பார்த்தார்.

கோமதி மட்டும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயிட் டவுன் பக்கமிருந்து வெள்ளைக்காரர்கள் யார் வந்தாலும் எட்டி எட்டிப் பார்க்கிறாள். யாரைத் தேடுகிறாள்? பிரவுசிங் சென்டர் சிரிப்பு ஞாபகம் வந்தது. கடவுளே, எவனாவது ஒருத்தன் வந்து நிற்கப்போகிறானா?

"மிஸ்! மிஸ் கோமதீ!"

வந்தது எவனும் இல்லை, சோளக்கதிர்க் குழந்தை. ஓடி வந்து கோமதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. "மிஸ்! ஐ ஸீ யுவர் ஸீ! ஐ ஈட் யுவர் கார்ன்!" கோமதி அப்படியே மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டாள். பட்டுப்புடவையில் சோளமும் மிளகாய்ப் பொடியும். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தச் சாயங்காலம் முழுவதும் நான் பார்த்திருக்கவில்லை.

பின்னாலேயே குழந்தையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாள் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். காது கேளாதவரிடம் பேசுவதுபோல மெதுவாக, சத்தமாக, கையை ஆட்டி ஆட்டி.

கோமதி தலையை ஆட்டிச் சிரித்தாள். "ஸாரி... இங்கிலீஷ், ப்ளீஸ்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னது? அரைமணி நேரம் என் வீட்டு போனில் வெளுத்து வாங்கினவளா இது?

பெரியப்பாவின் மீசை எழுந்து நின்றுவிட்டது. சுண்டல் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். கோமதியின் முன்னால் வந்து நின்று, பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டார். என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. போலீஸ்காரர் கேட்கிற தோரணை மட்டும் புரிந்தது.

கோமதி அவரைப் பார்த்தாள். குனிந்து குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க," என்றாள் தமிழில், மெதுவாக. "இவங்க போவட்டும். எல்லாம் சொல்றேன்."

சந்தேகப்படுகிறவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"இவங்க போவட்டுமா? இவங்க எதிர்ல சொல்ல முடியாதது அப்பிடி என்னா இருக்குது?" என்றார் பெரியப்பா. உடனே அந்த பிரெஞ்சு அம்மாளிடம் திரும்பி விசாரணையை ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாளுக்கு, பிரெஞ்சு பேசும் ஒரு ஆள் கிடைத்த குஷி. கொட்டித் தீர்த்தார். பெரியப்பா எங்கள் எல்லோருக்கும் மொழிபெயர்த்தார், சந்தோஷமாக.

"கேட்டுக்கங்க. ரொம்ப நல்ல மிஸ்ஸாம். பிள்ளைங்களுக்கு உசுராம். ஆனா பாவம், வருஷம் முழுக்க இருந்தும் ஒரு வார்த்தை பிரெஞ்சு வரலையாம்! கடைக்குப் போனாகூட கையைக் காட்டித்தான் வாங்குமாம்!"

விஜயாவின் முகம் செத்துவிட்டது.

அப்போதுதான் குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. நடப்பது எல்லாம் பிரெஞ்சில் அல்லவா? மிஸ்ஸுக்குப் புரியாதே! பெரிய மனுஷிபோல, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னது.

"மிஸ்... திஸ் மேன் ஆஸ்க், யூ ஸ்பீக் பிரெஞ்ச்? மம்மி ஸே நோ. இட்ஸ் ஓகே, மிஸ். ஐ ஹெல்ப் யூ."

கோமதி அதன் தொப்பியைச் சரி செய்தாள். "தேங்க் யூ, க்ளாரா," என்றாள்.

அவ்வளவுதான். கல்யாணம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

பெரியப்பா செருப்பை உதறிப் போட்டுக்கொண்டார். "பிரெஞ்சு தெரியாத பொண்ணுக்கு அங்க யாரு வேலை குடுத்தாங்க? எதுக்குக் குடுத்தாங்க? ம்?" என்றார் ஏழுமலையிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி பட்ட பாடுன்னீங்களே மதாம்?" என்றார். மாப்பிள்ளைப் பையன்? அவனும் பிரெஞ்சு தெரிந்தவன்தான், இங்கிலீஷும் தெரிந்தவன்தான். போனில் நன்றாகப் பேசினவன்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பா பின்னாலேயே போய்விட்டான்.

க்ளாரா குடும்பம் டாட்டா காட்டிவிட்டுப் போனதும் எல்லோரையும் என் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். கதவைச் சாத்தின உடனே விஜயா ஆரம்பித்தாள்.

"வாயில என்னாடி, கொழுக்கட்டையா வச்சிருந்த? தெரிஞ்ச பாஷைதானடி! ஒரு வார்த்தை பேசினா என்னாடி கொறஞ்சு போயிடும்?"

"பேச முடியாதும்மா. க்ளாரா இருந்துச்சு."

பிறகு சொன்னாள். முதல் நாளே கிளாஸ் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டாராம். 'இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் உனக்கு பிரெஞ்சு தெரியாது. ஒரு வார்த்தைகூடத் தெரியாது. தெரியும் என்று தெரிந்த நிமிஷமே ஒன்றுகூட இங்கிலீஷில் வாயைத் திறக்காது.' அங்கே இப்படி வரும் அசிஸ்டென்டுகளிடம் சொல்லும் விஷயம்தானாம். மற்றவர்கள் கிளாஸ் ரூமோடு விட்டுவிடுவார்கள். இவள் இருந்ததோ சின்ன ஊர். ரொட்டிக் கடைக்குப் போனால் அங்கே இரண்டு பிள்ளைகள். தபால் ஆபீஸில் ஒரு பிள்ளையின் அத்தை. அதனால் வருஷம் முழுக்க ஊமை வேஷம். ரொட்டியைக் கையைக் காட்டித்தான் வாங்கினாளாம். டீச்சர்கள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டால்தான் பிரெஞ்சு.

"நீ எதிர்லயே நிக்கும்போது பிள்ளைங்க உன்னைப் பத்தி பிரெஞ்சுல பேசாதுங்களா?" என்று குறுக்கு விசாரணை செய்தேன். சும்மா விடுவேனா?

"பேசும் ஆன்ட்டி. இந்த மிஸ் கலர் தேய்ச்சுக் குளிச்சா போவுமான்னு எதிர்லயே பந்தயம் கட்டுச்சுங்க. புரியாத மாதிரி சிரிச்சிக்கிட்டே நிப்பேன்."

"அப்ப தினமும் பிரவுசிங் சென்டர்ல சிரிச்சது?"

"க்ளாரா வருதுன்னு டீச்சர் மெயில் போட்டிருந்தாங்க. எங்க ஊரைப் பார்க்கணும்னு அப்பா அம்மாவை அரிச்சி எடுத்துடுச்சாம். என்னைக்கு வருவாங்கன்னு தெரியல. அதான் தினமும் போய்ப் பார்த்தேன்."

"சரி. அது என்ன க்ளாராவுக்கு மட்டும் அவ்ளோ?"

க்ளாரா வகுப்பில் பேசாத குழந்தையாம். இங்கிலீஷ் மட்டுமில்லை, பிரெஞ்சிலும் பேசாது. திக்கும். திக்கினால் மற்றதுகள் சிரிக்கும். அதனால் வாயையே மூடிக்கொண்டுவிட்டது. இவள் போய்ச் சேர்ந்த புதிதில், ஒருநாள் விளையாட்டு நேரத்தில், தானாக வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டதாம்.

"இந்த ஸ்கூல்லயே பேச வராதவங்க நாம ரெண்டு பேர்தான்னு அது நெனச்சிடுச்சு ஆன்ட்டி. எனக்கு ஒத்தாசை பண்ணணும்னே இங்கிலீஷ் கத்துக்கிச்சு. கேன்டீன்ல என்ன சாப்பாடுன்னு சொல்லும், யார் என்ன சொன்னாங்கன்னு சொல்லும். இங்கிலீஷ்ல திக்காது. அப்புறம் பிரெஞ்சுலயும் பேச ஆரம்பிச்சுது." மூக்கை உறிஞ்சினாள். "இன்னைக்கு நான் பிரெஞ்சுல ஒரு வார்த்தை பேசியிருந்தா, இந்த மிஸ்ஸும் நம்மள ஏமாத்திட்டாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சு போயிருக்கும்."

விஜயா அடங்கிவிட்டாள். அப்புறம்தான் கோமதி அழுதாள், முகத்தை மூடிக்கொள்ளாமல். "போவணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சும்மா," என்றாள். நான் எழுந்து போய் தேவையில்லாமல் இன்னொரு தடவை காபி போட்டேன்.

மறுநாள் காலையில் நானே பெரியப்பாவுக்கு போன் போட்டேன். ஜாமீன் நின்றவள் அல்லவா? ஒன்று விடாமல் சொன்னேன். ரொட்டிக் கடை, க்ளாராவின் திக்குவாய், எல்லாம். வேண்டுமானால் இப்போதே கோமதியை போனில் பிரெஞ்சு பேசச் சொல்கிறேன் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப பிரெஞ்சு தெரியும்ங்கறீங்க."

"நல்லாத் தெரியும்ங்க."

"தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி இருந்திருக்குது. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு வருஷம். ஒரு ஊரே கண்டுபிடிக்கல." ஒரு செருமல். "ஏன் மதாம், ஊரையே ஏமாத்துன பொண்ணு, எங்க வீட்டுக்கு வந்து என்னென்ன தெரியாத மாதிரி நடிக்கும்? யோசிக்கணும் இல்ல?"

பிரெஞ்சு தெரியாது என்றால் அது ஒரு தப்பு. தெரியும் என்றால் அது அதைவிடப் பெரிய தப்பு! இப்படிப்பட்டவருக்கு அந்தப் பெண் என்ன பதில்தான் சொல்வது? என்னைப் பற்றியும் ஒரு நிமிஷம் யோசித்தேன். என் வீட்டுக்காரர் ஏன் பாத்திரத்தைத் தொடுவதில்லை என்று புரிகிற மாதிரி இருந்தது.

"யோசிச்சுச் சொல்றோம்," என்று போனை வைத்தார் பெரியப்பா. சொல்வார்கள் என்று காத்திருப்பதுதானே பெண் வீட்டுக்காரர்களின் தலையெழுத்து? விஜயா காத்திருந்தாள். கோமதியும், பையனாவது ஒரு போன் பண்ணுவான் என்று இரண்டு நாள் பார்த்தாள். பண்ணவில்லை.

மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்த ஏழுமலை, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனுஷர்.

"அக்கா, அந்த உப்பளத்து இடம் வேணாம்னு சொல்லிடுங்க."

"அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே ஏழுமலை?"

"அவங்க என்னா சொல்றது? அந்த வெள்ளைக்காரப் பாப்பா, எம்பொண்ணுக்கு ஒத்தாசை பண்றேன்னு முன்னால வந்து நின்னுச்சு. கட்டிக்கப் போறவன் கடலைப் பார்த்துட்டு நின்னான். நான் பார்த்துட்டுதான இருந்தேன்? அவ படிப்பை நான் பார்த்துக்கறேன். எப்பிடின்னு தெரியல. பார்த்துக்கறேன்."

எதிர்வீட்டு வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கோமதி ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படிப்புக்கு என்ன வழி என்று எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் ஏழுமலை சொன்னதை நம்பினேன். ஆமாம், நான்தான். நம்பினேன்.

அன்றைக்கே சொல்லி அனுப்பினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, போன். பெரியப்பாவேதான்.

"என்னா மதாம் இது? நாங்களே இன்னும் யோசிச்சிட்டுதான இருக்கோம்? ஜாதகம்லாம் பொருந்தியிருக்குது. அவங்க எதுக்கு வேணாங்கறாங்க? யாராவது ஏதாவது சொன்னாங்களா? எங்களைப் பத்தியா? பையனைப் பத்தியா? என்னா காரணம், சொல்லுங்க!"

"காரணமெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றேன். கொஞ்சம் இடைவெளி விட்டேன். "நாங்களும்... விசாரிச்சோம்."

போனை வைத்துவிட்டேன். இனி அவருக்குத் தூக்கம் வந்தால் பார்க்கலாம்!